நாலாயிரம் அடி

கம்பியூட்டர் மறுபடியும் மறுத்துவிட்டது.

ஐவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டங்களின் கணக்கைப் பார்க்கும் ஹட்டன் கந்தோருக்கு அந்தப் பெட்டி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு. கொழும்பிலிருந்து பெரியவர்கள் பகல் ரயிலில் வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவளுடைய புரோகிராம் ஓடியாக வேண்டும்.

அவள் எழுதியதில் ‘தோட்டம்’ என்று ஒரு தாய் வகுப்பு, எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான வார்ப்பு. அதன் கீழே வட்டவளை, நோர்வூட் என்று தோட்டத்துக்கொரு பிள்ளை வகுப்பு. கொழுந்து எடை போடுவது, தேயிலையைத் தரம் பிரிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகள் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தவிர. தான் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தானே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புரோகிராமே கிளம்பாது. அந்தக் கண்டிப்பை வைத்தவள் ஐவிதான்.

கினிகத்தேனைத் தோட்டம் சொல்லவில்லை. அங்கிருந்து விபரம் இன்னும் வந்து சேரவில்லை.

லோரன்ஸ் சேர் பின்னால் வந்து நின்றார். கண்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர். யாரோ டொக்டரின் மகன் என்றுதான் கந்தோரில் எல்லோருக்கும் நினைப்பு. அச்சடித்தது போலத் தமிழ் பேசுவார்.

“தாய் வகுப்பிலேயே நாலாயிரம் அடி என்று போட்டுவிடுங்கள், மிஸ் ஐவி. சொல்லாத பிள்ளைகள் அதையே எடுத்துக்கொள்ளட்டும். யாருக்குத் தெரியப்போகிறது?”

“யாருக்கும் தெரியாதுங்க சேர். அதான் பயமா இருக்கு.”

கினிகத்தேனை அத்தனை உயரமில்லை. நாலாயிரம் என்று போட்டால் அந்தத் தேயிலையும் உயர்மலைத் தேயிலை என்றே போகும். திரையில் ஒரு பிழையும் காட்டாது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏனோ தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

தகரக் கூரை போட்ட தோட்டத்துப் பள்ளிக்கூடம். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் சூசைரட்ணம் மாஸ்டர் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதிவிடுவார். ஐவிக்கு அந்த நாள். பக்கத்தில் உட்காரும் ராக்காயிக்கும் அந்த நாள். ராக்காயியின் தம்பிக்கும் அதே நாள்.

நல்ல மனுஷன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்துவார். கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, ஆளுக்கொரு டொபி கொடுப்பார். ஐவி டொபி சுற்றிய கடதாசியைப் பொங்கல் வரைக்கும் வைத்திருந்து மோந்து பார்ப்பாள்.

ஒருநாள் கொண்டை முடிந்துகொண்டே அம்மா சொன்னாள்: “நீ பொறந்தப்ப மலை பூரா கொழுந்து. பாதிக் கூடையில வலி கண்டிருச்சு.”

ஜனவரியில் மலையில் பனிதான் கொட்டும். கொழுந்து ஏது?

எந்த மாசம் என்று கேட்டாள். அம்மா நெடுநேரம் யோசித்தாள். பிடிபடவில்லை.

அடுத்த ஜனவரியிலும் ஐவி வரிசையில் போய் நின்றாள். டொபியும் வாங்கினாள். பாட்டுக்கு மட்டும் வெறுமனே வாயசைத்தாள்.

“அந்தத் திகதிதாங்க சேர் இன்னைக்கும் என் அடையாள அட்டையில இருக்கு.”

லோரன்ஸ் சேர் மேசைக்குப் போய் டெலிபோனை எடுத்து, கினிகத்தேனைத் தோட்டத்துக்கு லைன் கேட்டார். கிடைக்கத் தாமதமானது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ரயில்பாதையை மறைத்துக்கொண்டிருந்தது.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

“ஒங்களுக்கு டொபியா? எங்க பள்ளிக்கொடத்துல அந்தப் பொறந்தநாளுக்கு ஆளுக்கொரு சீனி தூவின பணிஸ் குடுத்தாங்க.”