பாக்கெட்டுக்குள் போன கை

"கையில துப்பாக்கி இருந்துச்சில்ல? அப்புறம் ஏன் சுடலை?"

வாசற்படியில் நின்று சேனாபதி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டின் அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தமிழ்ச் சங்கத்துக்கும் அவரே. தலைவர் நாற்காலி எங்கே காலியானாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

படிக்குக் கீழே போலீஸ் சீருடையில் வெண்பா நின்றாள்.

"அங்கிள், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ பேசாதே! நைன் ஒன் ஒன் போட்டு போலீஸைக் கூப்பிட்டவன் நான். இதைப் பாரு!"

வாசல் கேமராவில் பதிந்த வீடியோவை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். பனிமூட்டத்தில் ஓர் உருவம். கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிய கறுப்பு முகமூடி, தொளதொளவென்று ஒரு கோட்டு, கையில் பை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் குனிந்து, எதையோ துழாவி, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. போலீஸ் கார் வந்து நின்றது. வெண்பா துப்பாக்கியோடு இறங்கினாள். உருவத்தின் கை விருட்டென்று கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது. அவள் சுடவில்லை. வீடியோ அதோடு முடிந்துவிட்டது.

"மெடல் வாங்கினவளாம், மெடல்! கை நடுங்கிடுச்சா?"

அந்த மெடல் விஷயம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆப்கானிஸ்தானில் குண்டு மழைக்கு நடுவே அடிபட்ட சிப்பாய்களை இழுத்து வந்ததற்காக அமெரிக்க ராணுவம் அவளுக்குப் பதக்கம் கொடுத்தபோது, மேடையில் பொன்னாடை போர்த்தியவர் இதே சேனாபதிதான். 'வீரத் தமிழச்சி' என்று ஆரம்பித்து, அவள் பேச ஒதுக்கிய நேரத்தையும் சேர்த்து அவரே பேசி முடித்தார். அவள் போலீஸில் சேர்ந்ததும் அந்தப் புகைப்படம் சங்கத்தின் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. நம் பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போய்விடக் கூடாதே!

"ஒழுங்கா கோடிங் கத்துக்கிட்டு ஏதாவது கம்பெனில உக்காந்திருக்கலாம். யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு தெருத்தெருவா சுத்தறே, சரி. அந்த வேலையையாவது உருப்படியா செய்ய வேண்டாமா? முகமூடி போட்டவன் பாக்கெட்ல கை விடறான். அப்பவே போட்டுத் தள்ளியிருக்கணும்!"

"அவர்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு போன்ல சொன்னீங்களே அங்கிள். பாத்தீங்களா?"

"பாக்கணுமா? அப்படிச் சொன்னாத்தானே நீங்க ஓடி வருவீங்க!"

வெண்பாவின் குரல் உயரவில்லை.

"ஆப்கானிஸ்தான்ல ஒருத்தர் இதே மாதிரி பாக்கெட்ல கை விட்டார். சுட்டுட்டோம். எடுத்துப் பாத்தா, மூக்குக் கண்ணாடி. அதான் இன்னிக்கு ஒரு செகண்ட் பொறுத்தேன்."

"உன்னோட அந்த ஒரு செகண்ட்ல இங்க யார் உயிராவது போயிருந்தா? எங்கப்பா இப்பத்தான் ஊர்லேர்ந்து வந்திருக்கார். எண்பது வயசு. ஜெட்லாக்ல மாடியில தூங்கிட்டிருக்கார். அவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அப்பா என்றதும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

"இன்னிக்கே உன் சீஃபுக்கு மெயில் போடறேன். உன் பேட்ஜைப் பிடுங்க வைக்கலைன்னா நான் சேனாபதி இல்லை! எங்க அவன்? விட்டுட்டியா?"

"இல்லை அங்கிள். கார்லதான் இருக்கார்."

"கார்லயா? விலங்கு மாட்டினியா, இல்லை காபி வாங்கிக் குடுத்தியா?"

வெண்பா திரும்பி நடந்தாள். போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள்.

சேனாபதியின் பழைய ஆபீஸ் கோட்டும் குரங்குக் குல்லாவும் மெல்ல வெளியே வந்தன. ஒரு கையில் சாமிக்குப் பறித்த அரளிப்பூ நிறைந்த பிளாஸ்டிக் பை. இன்னொரு கை பாஸ்போர்ட்டை விடாமல் பிடித்திருந்தது.

"ஏன்டா சேனா, போலீஸைப் பாத்தா வாயைத் திறக்காம பாக்கெட்லேர்ந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுன்னு நீதானேடா படிச்சுப் படிச்சு சொன்னே?"