பதினொரு மணிக்கு நின்ற பஸ்

நவம்பர் பதினொன்று, காலை பதினொரு மணி. கனடாவின் மல்வேர்ன் பகுதிக்குப் போகும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கிறான் சாரதி டெனிஸ்டன். கண்ணாடியில் ஈரப்பனி உருகி வழிகிறது. வேலைச் சீருடையோடு முன்சீட்டில் இருக்கும் ஜெயமலர், "ஏன் தம்பி நிப்பாட்டினீர்?" என்கிறாள். "முதலாம் உலகப்போரில செத்த கனடாப் பெடியளுக்காக, அக்கா. ரண்டு நிமிசம்." "நூறு வருசத்துக்கு மேலாச்சே?" "ஓம். பேரெல்லாம் கல்லில வெட்டி வச்சிருக்கினம்." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். "வன்னியில காணாமல் போன என்ர தம்பிக்குக் கல்லுமில்லை, திகதியுமில்லை. அவனுக்கும் சேத்து நிக்கட்டோ?" "நில்லுங்கோ அக்கா." வைப்பர் அசையாத கண்ணாடி பனி படிந்து மெல்ல வெளுக்கிறது. இரண்டு நிமிடம் முடிகிறது. பின்சீட்டில் யாரோ செருமுகிறார்கள். ஜெயமலர் கண்களை மூடியபடியே நிற்கிறாள். எஞ்சின் பொத்தான்வரை போன டெனிஸ்டனின் கை, அழுத்தாமல் மடிக்குத் திரும்புகிறது.