முகமில்லாத சக்களத்தி

"எங்கே அவ?"

கையில் சுத்தியலோடு ஒலிவத் தோப்புக்குள் நுழைந்தாள் மப்ரூக்கா.

கைரவான் நகரச் சாலையில் லாரி ஓட்டி ஓய்ந்த யூனுஸ், யாரிடமும் படிக்காமல் தானாகவே சிமென்டில் செய்து நிறுத்திய நாற்பது சிலைகள் அங்கே நின்றன. எல்லாமே ஊர்க்காரர்கள். கண்ணுக்கெல்லாம் லாரியின் பின்விளக்கு. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர்கூடச் சிவந்த கண்ணோடுதான் முறைத்தார்.

கடைசி மரத்தடியில் அவள் புருஷன், கசாப்புக் கடை தாஹர். சிமென்ட் தாஹர் போன வருஷத்திலிருந்தே அங்கே நிற்கிறார். பக்கத்தில் இப்போது புதிதாக ஒருத்தி, அவர் தோளில் கை போட்டுக்கொண்டு. கொடி இடை. முகம் மட்டும் இல்லை.

"ஊர்ல சொன்னது சரியாத்தான் இருக்கு. யாருன்னு தெரியக் கூடாதுன்னு மூஞ்சியை வைக்காம விட்டிருக்கீங்களா?"

"தங்கச்சி, முதல்ல சுத்தியலைக் கீழ வை" என்றபடி ஓடி வந்தார் யூனுஸ்.

"'குண்டாயிட்டே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சு. மத்தவங்கன்னா மூணாம் நாளே ஆட்டுத்தொடையோட சமாதானம் பேச வந்திருப்பாங்க!"

"கசாப்புக்காரன் ஆட்டுத்தொடையோட வந்தா நீ மதிப்பியா?"

மப்ரூக்கா யோசித்தாள். "கடையில மிஞ்சினதான்னு கேட்டிருப்பேன்."

"அதையேதான் அவனும் சொன்னான். தினம் இங்கதான் வந்து நிக்கிறான்."

"தினமுமா? இவளைப் பார்க்கவா? கொடி இடை கேக்குதா அந்த மனுஷனுக்கு!"

சுத்தியல் உயர்ந்தது. யூனுஸ் குறுக்கே பாய்ந்து சிலையைக் கட்டிக்கொண்டார்.

"ஏழு தடவை முகம் வச்சேம்மா! ஏழு தடவையும் சுரண்டி எடுக்கச் சொல்லிட்டான். 'என் மப்ரூக்கா இதைவிட அழகு'ங்கிறான். சரியா வந்தாத்தான் உன்னைக் கூப்பிடவே வருவானாம். வெறுங்கையோட வர வெக்கமா இருக்காம்!"

மப்ரூக்கா சுத்தியலைக் கீழே போட்டாள். கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்தாள். தலைத்துணியை இழுத்துச் சரிசெய்து, எதிரிலிருந்த கல்லில் உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"ம்... என்னைப் பார்த்தே செய்யுங்கண்ணே."

யூனுஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். சிலையையும் பார்த்தார். ஒரு மூட்டை சிமென்டை இழுத்து வந்து பிரித்தார்.

"முகத்துக்கு எதுக்கு அத்தனை சிமென்ட்?" என்றாள் மப்ரூக்கா. "இடுப்பு அப்படியே இருக்கட்டும்!"