சத்தம் போடாத டிஸ்க்

"இவங்க டிஸ்க்கால நீங்க எப்பவாவது தோத்திருக்கீங்களா?" என்று திரையிலிருந்த அதிகாரி கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் மைதிலியைத் தயார் செய்து கூட்டி வந்திருந்தார்கள்.

பேகம்பேட்டில் ஒரு வக்கீல் அலுவலகம். நீள மேஜை. சுவர்த் திரையில், தில்லியிலிருந்து போட்டி ஆணையத்தின் அதிகாரி. கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் செய்யும் இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேரப்போகின்றன. சேர்ந்துவிட்டால் ஒன்றை ஒன்று முந்த ஆளில்லாமல் போய்விடுமா, அதனால் வாங்குகிறவர்களுக்கு நஷ்டமா என்பதுதான் விசாரணை.

ஒரு கம்பெனியின் இன்ஜினியர் மைதிலி. மற்றதின் இன்ஜினியர் கிரி. இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள்.

"அப்ரூவல் வர்ற வரைக்கும் நீங்க எதிரெதிர் கம்பெனி. வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. முக்கியமா நீங்க ரெண்டு பேரும்" என்று அவள் கம்பெனி வக்கீல் வேணுகோபால் காலையிலேயே சொல்லியிருந்தார். இணைப்பு நின்றுபோனால் கம்பெனி ஹைதராபாத்தில் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பதையும் சொல்லியிருந்தார்.

மைதிலி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"தோத்திருக்கோம் சார்."

வேணுகோபால் பேனாவைக் கீழே வைத்தார்.

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டிகள் புதிதாக வந்த காலம் அது. அவற்றுக்காக அவள் குழு ஒரு டிஸ்க் செய்தது. நல்ல டிஸ்க். வேகமானது. ஓடும்போது மட்டும் கட்டக் கட்டக்கென்று சத்தம் போடும். படுக்கையறையில் வைக்கிற பெட்டிக்கு அது ஒரு குறை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

திடீரென்று கிரியின் கம்பெனி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. காதை வைத்துக் கேட்டாலும் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாது. பெட்டி செய்கிறவர்கள் மொத்தமாக அங்கே போய்விட்டார்கள்.

"அந்த மாதிரி செய்ய எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள என் டீமைக் கலைச்சுட்டாங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மற்றதை அதிகாரியிடம் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் இருந்த ரஷ்மி தன் மேஜையைக் காலி செய்துகொண்டு கிளம்பியபோது லிஃப்ட் வரைக்கும் கூடப் போனது. அன்று வீட்டுக்கு வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதது.

கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக் கொடுத்தான். எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததற்காகவே அன்று அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதிகாரி அடுத்து கிரியிடம் கேட்டார்.

"இவங்களை முந்தணும்னுதானே சத்தத்தைக் குறைச்சீங்க?"

"இல்லை சார்" என்றான் கிரி. அவன் வக்கீலின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"அப்போ வாங்கறவங்க கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலை."

"பின்னே?"

காலையிலிருந்து மளமளவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் தன் கைகளைப் பார்த்தான்.

"என் மனைவி அப்போ மாசமா இருந்தா சார். படுக்கையை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டில் பக்கத்துலயே கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு வேலை பார்த்தா. ராத்திரியெல்லாம் டிஸ்க் ஓடும். கண்ணை மூடிப் படுத்திருப்பா, தூங்கமாட்டா. கேட்டா, 'சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே'ம்பா."

கிரி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"அவ தூங்கட்டுமேன்னுதான் ஆரம்பிச்சேன். சரியா வர்றதுக்குள்ள குழந்தையே பொறந்துடுச்சு."

மேஜைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மைதிலி சிரிக்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இவங்க ஆர்டரையெல்லாம் பிடுங்கிடும்னு தெரியாதா?"

"தெரியாது சார். தெரிஞ்சப்போ அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போட்டி காரணமாக அல்ல என்று பதிவு செய்யச் சொன்னார். பிறகு ஏதோ யோசித்து, காரணத்தையும் அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம்.

வக்கீல்கள் மைதிலியையும் கிரியையும் தனித்தனி லிஃப்டில் கீழே அனுப்பினார்கள். கார் நிற்கிறது என்றார் வேணுகோபால். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைதிலி வாசலைத் தாண்டி நடந்தாள்.

தெருமுனையில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், கிரி பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டு ஹெல்மெட்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இத்தனை வருஷம் ஆபீஸ் பேச்சை வாசலோடு விட்டுவிட்டு உள்ளே போனவர்கள். இப்போது அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் எதிரில் போய் நின்றாள். கேட்க வாயெடுத்தாள். இது வேலையைப் பற்றிய பேச்சா, வீட்டைப் பற்றிய பேச்சா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ரூவல் வரட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு."

"ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டான் கிரி.

"மஹதிக்கு ஸ்கூல் விடற நேரம் ஆச்சு. வண்டியை எடுங்க."

தார்நாகா மேம்பாலம் ஏறும்போது, ஹெல்மெட் போட்ட தலையை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டாள். நன்றாகவே இடித்தது. கிரி அசையாமல் ஓட்டினான்.