உடையாத கேப்சூல்

மருந்து டப்பாவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கேப்சூல். அதற்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

பக்கத்திலிருந்த பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து இன்ஹேலர் ஆறுதல் சொன்னது: "பயப்படாதே. எனக்குள்ளே போட்டு ஒரு திருகு திருகினா நீ ரெண்டா உடைஞ்சிடுவே. உன் பொடியை அவர் மூச்சோட இழுத்துக்குவார். நேரா நுரையீரல்தான்."

"உடையறதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. இதுக்கு முன்னாடி எத்தனை பேரை உடைச்சே?"

இன்ஹேலர் தயங்கியது. "ஒருத்தரையும் இல்லை. என்னை இன்னும் யாரும் வெளியிலேயே எடுக்கலை."

"அப்போ, என்கூட இருந்த இருபத்தொன்பது பேரும் எங்கே போனாங்க?"

பதில் வருவதற்குள் டப்பாவின் மூடி திறந்தது. மூச்சிரைக்க நின்ற தணிகாசலம் கேப்சூலை எடுத்து நாக்கில் வைத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

கேப்சூல் உடையவில்லை. முழுசாக வழுக்கி வயிற்றில் விழுந்து, இருட்டில் கரையத் தொடங்கியது. மேலே நுரையீரல் கீச்கீச்சென்று இழுத்துக்கொண்டே கேட்டது: "இன்னிக்காவது மருந்து வருமா?"

"நான் இங்கே இருக்கேன்! இங்கே!" என்று கேப்சூல் அலறியது.

வெளியே தணிகாசலம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "முப்பது நாளும் ஒரு வேளைகூட விடலை டாக்டர். இரைப்புதான் அடங்கலை. அதையே இன்னும் ரெண்டு டப்பா எழுதிக் குடுங்க."