தேனீக்களுக்கு விட்ட புல்

"வீட்டு முன்னால முழங்கால் உயரத்துக்குப் புல்லு! கேட்டா, அதுல பூக்கிற காட்டுப்பூ தேனீக்களுக்கு வேணும்னு விட்டிருக்கேன்னு சொல்றார்" என்று தன் தோட்டத்தில் நின்று பொருமினாள் மியூரியல்.

லண்டனிலிருந்து எங்கள் கிராமத்துக்குப் புதிதாகக் குடிவந்த டெஸ்மண்டைப் பற்றித்தான் பேச்சு. அன்று மத்தியானம் 'அழகான கிராமம்' போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் பரிசைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து எங்களில் பாதிப் பேருக்குச் சரியான தூக்கமில்லை.

"நேரா போய், புல்லை வெட்டுங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

மியூரியல் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "முகத்துக்கு நேரா சொல்றதா? நாம என்ன காட்டுமிராண்டிகளா?"

அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கைத்தடியோடு கிளம்பினார். மியூரியல் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மிஸ்டர் டெஸ்மண்ட்! என்ன அருமையான வெயில்! உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாம்."

அவர் உள்ளே நுழைந்ததும் மியூரியலின் கணவன் கிளைவ் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினான்.

"எங்கயோ மெஷின் சத்தம் கேக்குதே?" என்றார் டெஸ்மண்ட்.

"சனிக்கிழமைன்னாலே அப்படித்தான். இன்னொரு துண்டு கேக்?"

அங்கிருந்து வெளியே வந்தால் பாதிரியார் காத்திருந்தார். அவர் வீட்டில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி. அதன்மேல் முதலில் ஜாம் தடவுவதா, க்ரீம் தடவுவதா என்று ஒரு பிரசங்கமே நடத்தி முடித்தார். அப்புறம் என் வீடு.

"லண்டன்ல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாதுங்க. இங்க எல்லாரும் இவ்வளவு பிரியமா..." என்றார் டெஸ்மண்ட்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் அவருக்கு இன்னொரு கப் டீ ஊற்றினேன்.

நடுவர்களின் கார் ஊரைத் தாண்டிய பிறகுதான் அவரை விட்டோம். மன்னிப்புக் கேட்க நாங்களும் கூடவே போனோம்.

புல்வெளி ஒட்ட வெட்டிய கிராப்புத் தலையாக இருந்தது. டெஸ்மண்ட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காத்து... கொஞ்சம் பலமா அடிச்சுது" என்றான் கிளைவ், சட்டையெல்லாம் புல்லோடு.

மியூரியல் தரையைப் பார்த்தாள். பாதிரியார் வானத்தைப் பார்த்தார்.

டெஸ்மண்ட் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "தேனீன்னு சொன்னா போதும், போட்டியன்னிக்கு ஊர்க்காரங்களே வெட்டிக் குடுத்துடுவாங்கன்னு எனக்கு இந்த வீட்டை வித்தவர் சொன்னார், நான்தான் நம்பல. பின்பக்கமும் காடாத்தான் கிடக்கு... நாளைக்கு யார் வீட்டுல டீ?"