முன்சக்கரத்துக்குள் ஒரு முனகல்

மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்த காரின் இடப்பக்க முன்சக்கரத்துக்குள், தேய்ந்துபோன பேரிங் ஒன்று 'ம்ம்ம்' என்று விடாமல் முனகியது.

"வாயை மூடுப்பா," என்றது டயர். "ஒர்க்‌ஷாப்புக்குப் போனா உன்னைச் சுத்தியலால தட்டி எடுத்துருவாங்க. அப்படியே என்னையும் மாத்துவாங்க."

"மாத்தட்டுமே. நான் உடைஞ்சா நாம மட்டுமா போவோம்? பின்சீட்டுல பாப்பா தூங்குது."

காரை ஓட்டிய செல்வநாயகம் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "ஏதோ சத்தம் கேக்குதே," என்றார் மனைவியிடம்.

பேரிங்குக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டுவிட்டார்.

அந்நேரம் சாலை இடப்பக்கம் வளைந்தது. காரின் பாரமெல்லாம் வலப்பக்கம் சாய்ந்ததும் பேரிங்குக்குக் குரலே எழவில்லை.

"நின்னுடுச்சு பார்த்தியா? தானா சரியாயிடுச்சு." கண்ணாடியை ஏற்றி, பாட்டை முன்பைவிட உரக்க வைத்தார்.

"தப்பிச்சே, போ," என்றது டயர்.

அடுத்து வந்தது வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவு. பாரம் முழுவதும் பேரிங்கின் மேல் இறங்க, அது தன்னால் முடிந்தமட்டும் கத்தியது. டயருக்கு மட்டும்தான் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு டயர் கழன்று, பள்ளத்தை நோக்கித் தனியாக உருண்டுகொண்டிருந்தது. பின்னாலேயே கார் வந்தது.